லேடி மேக்பெத் எப்போது ‘நீ’ என்றாள்? ஒரு வகுப்பறை நிகழ்வு ஆய்வு

ஐந்தே அங்கங்கள் கொண்ட மேக்பெத் நாடகத்தில் ஏழாவது அங்கம் ஒன்று இருப்பதாக 27 பேர் எழுதியிருந்தார்கள். இரண்டாம் ஆண்டு பி.ஏ. ஆங்கிலம், ஷேக்ஸ்பியர் பேப்பர், முதல் இன்டர்னல் தேர்வு. வகுப்பில் மொத்தம் 43 பேர். ‘முதல் அங்கம், ஏழாம் காட்சி’ என்று இருக்க வேண்டியது ‘ஏழாம் அங்கம், முதல் காட்சி’ என்று வந்திருந்தது. எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. கல்லூரி வாசலுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் மேக்பெத் நோட்ஸ் பதினோரு பக்கம் விற்கிறது. யாரோ ஒரு சீனியர் எழுதியது. நகலுக்கு நகல் எழுத்து மங்கிக்கொண்டே வந்திருக்கிறது, பிழை மட்டும் மங்கவில்லை.

கோபம் வந்தது. விடைத்தாளைத் திருத்தி முடித்து, டீ குடித்துவிட்டு யோசித்தபோது கோபம் என் பக்கம் திரும்பியது. ஏழு வாரமாக நானும் ஒரு நோட்ஸ் கடைதான் நடத்திக்கொண்டிருந்தேன். வரியைப் படிப்பேன், தமிழில் பொருள் சொல்வேன், அவர்கள் எழுதிக்கொள்வார்கள். நாடகத்தைப் படித்தது நான் ஒருத்தி மட்டும்தான். அந்த செமஸ்டரின் மீதி வாரங்களில் அதை மாற்ற முயன்றதன் பதிவு இது. எது நடந்தது, எங்கே சறுக்கியது என்று இரண்டையும் எழுதுகிறேன்.

வகுப்பைப் பற்றிக் கொஞ்சம். பாதிப் பேருக்கு மேல் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள். வீட்டில் முதல் முறையாகக் கல்லூரிக்கு வந்தவர்களும் நிறைய. மேக்பெத் 1606 வாக்கில் எழுதப்பட்டதாகக் கருதப்படும் நாடகம். ஸ்காட்லாந்துத் தளபதி மேக்பெத், மனைவி லேடி மேக்பெத் தூண்ட, தன் மன்னனைக் கொன்று முடிசூடும் கதை. முதலில் அச்சானது 1623இல், ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு ஆண்டு கழித்து வந்த பெரிய தொகுப்பில். அவருடைய துன்பியல் நாடகங்களில் இதுதான் மிகச் சிறியது. அதனால்தான் பாடத்திட்டத்தில் அடிக்கடி வருகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சிறியது என்பதற்காக எளியது என்று ஆகிவிடாது. வரிகள் அவ்வளவு இறுக்கம்.

‘தமிழ் மீடியம் பிள்ளைங்க, அவங்களால க்ளோஸ் ரீடிங் எல்லாம் முடியாது’ என்று ஸ்டாஃப் ரூமில் சொல்வார்கள். சொல் சொல்லாக நின்று படிப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்வதில்லை. விமர்சகர் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் தன் மாணவர்களுக்குக் கவிதைகளை எழுதியவர் பெயர் இல்லாமல் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்த குறிப்புகளை வைத்து 1929இல் புத்தகம் போட்டார். இங்கிலாந்தின் நல்ல நல்ல பள்ளிகளில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் கவிதையின் நேர்ப்பொருளிலேயே தடுக்கி விழுந்ததை அதில் பார்க்கலாம். எங்கள் பிள்ளைகளின் சிக்கல் ஆங்கிலம் மட்டும் இல்லை. ஒரு சொல்லின் முன்னால் நின்று ‘இது ஏன் இங்கே இருக்கிறது’ என்று கேட்க யாரும் பழக்கவில்லை.

அல்லது பழக்கியிருக்கிறார்கள், வேறு வகுப்பில். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் முயற்சி பாழ்

‘பிடிச்ச வரியை எடுத்துட்டு வாங்க, என்ன தோணுதோ சொல்லுங்க’ என்றேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த நாள், ‘முக்கியமான சொற்களை அடிக்கோடு போடுங்க’ என்றேன். ஒரு மாணவி பக்கம் முழுக்க அடிக்கோடு போட்டு, ஸ்கேல் வைத்து நேர்த்தியாகப் போட்டு, காட்டினாள். எல்லாம் ஷேக்ஸ்பியர் எழுதியதுதானே, எதை விடுவது என்று கேட்டாள். நியாயமான கேள்வி. என் கேள்விதான் மொட்டையாக இருந்தது.

செய்தால் முடியுமா?

அடுத்த வாரம் ஒன்றரை வரி மட்டும் கரும்பலகையில் எழுதினேன். ஏழாம் காட்சியின் தொடக்கம். டங்கன் மன்னன் உள்ளே விருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அவனைக் கொல்ல நினைக்கும் மேக்பெத் பந்தியிலிருந்து எழுந்து வெளியே வந்து தனக்குள் பேசிக்கொள்கிறான்: ‘இஃப் இட் வேர் டன் வென் டிஸ் டன், தென் ட்வேர் வெல் இட் வேர் டன் குவிக்லி.’

‘இதைத் தமிழ்ல சொல்லணும். ஒரே நிபந்தனை: டன் மூணு தடவை வருது, மூணுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லைப் போடணும்.’

பத்து நிமிடம் கிசுகிசுப்பு. யாராலும் முடியவில்லை. கடைசியில் நடு பெஞ்சிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, நிபந்தனையை மீறிச் சொன்னார்: “செஞ்சா முடிஞ்சிடும்னா, சீக்கிரம் செஞ்சிடலாம். ஒரே வார்த்தை வராது மேம். ஒரு டன்னு செய்யறது, ஒரு டன்னு முடியறது.”

அந்த வரியின் முழு பயமும் அதற்குள் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் ஒளிந்திருப்பதைத் தமிழ் இரண்டு வினையாகப் பிரித்து வெளியே போட்டுவிட்டது. கொலையைச் செய்துவிடலாம். ஆனால் அது அதோடு முடியுமா என்பதுதான் மேக்பெத்தின் கவலை. அந்த ஒன்றரை வரியில், ‘டிஸ்’, ‘ட்வேர்’ இரண்டிலும் ஒட்டிக்கொண்டிருப்பதையும் சேர்த்தால், ‘இட்’ என்ற சொல் நான்கு முறை வருகிறது, ‘அது’ என்னவென்று அவன் வாயில் வரவே இல்லை என்று இன்னொரு பெண் சேர்த்துக்கொண்டாள். “கெட்டது எதையும் எங்க பாட்டி பேர் சொல்ல மாட்டாங்க, ‘அது’ம்பாங்க. பாம்பைக்கூட.”

வகுப்பு சூடு பிடித்ததும் இன்னொருவர் கை தூக்கினார். “மேம், முடின்னா கிரீடமும்தானே? முடி கிடைக்கணும்னா முடிக்கணும். ஷேக்ஸ்பியர் அதையும் வெச்சிருக்காரு.” கைதட்டல். அழகான சிலேடை, ஆனால் நம் மொழியின் சிலேடை. அவருடையது இல்லை. மொழிபெயர்ப்பில் வைத்துக்கொள்ளலாம், விடைத்தாளில் ஷேக்ஸ்பியர் தலையில் கட்டக் கூடாது என்றேன். அவர் முகம் வாடியது. இந்தக் கோட்டை அன்றே இன்னும் அழுத்திப் போட்டிருக்க வேண்டும். போடாததற்கு இரண்டு வாரம் கழித்து அனுபவித்தேன்.

நீயும் நீங்களும்

இந்த ஆய்வின் மையம் இதுதான். பலகையில் ஒரு பக்கம் தௌ, தீ, தை, தைன் என்று எழுதினேன். மறுபக்கம் யூ, யுவர். ‘தீ’யைப் பார்த்துச் சிரித்தார்கள். ‘உன்னை’ என்று அர்த்தம் என்றதும் இன்னும் சிரித்தார்கள்.

வரலாற்றை ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தேன். ஆதியில் தௌ ஒருமை, நம் ‘நீ’ மாதிரி; யூ பன்மை, ‘நீங்கள்’ மாதிரி. பிறகு ஒருவரையே மரியாதைக்குப் பன்மையில் அழைக்கும் வழக்கம் வந்தது. ஷேக்ஸ்பியர் காலத்துப் பெரிய மனிதர் வீடுகளில் யூ என்பது சாதாரணம். தௌ என்று வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்: நெருக்கம், கோபம், வேண்டுதல், அல்லது கீழே இருப்பவரிடம் பேசுவது. 1603 நவம்பரில் வின்செஸ்டரில் சர் வால்டர் ராலேயின் ராஜதுரோக விசாரணை நடந்தது. அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் அவரைப் பார்த்து, ‘உன்னை தௌ என்றே சொல்கிறேன், துரோகியே’ என்று கத்தினார். பிரதிப்பெயரே வசவு. மேக்பெத் எழுதப்படுவதற்கு மூன்று வருடத்துக்கு முன்னால்.

“அதாவது, ‘என்ன, நீ வா போங்கறே’ன்னு சண்டை வருமே, அது” என்றது பின்வரிசை.

அதுவேதான். இங்கிலாந்தில் இன்று மேக்பெத் படிக்கும் பிள்ளைக்கு இதை அடிக்குறிப்பு போட்டு விளக்க வேண்டும், அவர்கள் மொழியில் தௌ செத்துப்போய்விட்டது. எங்கள் பிள்ளைகளுக்கு அது நாக்கிலேயே இருக்கிறது. ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் வரும் உயர்சொல், இலக்கண நெறி அல்ல என்று தொல்காப்பியச் சொல்லதிகாரமே சொல்லியிருக்கிறது. அவ்வளவு பழைய சங்கதி. முன்னால் ‘வேறு வகுப்பு’ என்றேனே, அது தமிழ் வகுப்புதான். குறளுக்குப் பரிமேலழகர் உரை பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு ‘உம்’ ஏன் வந்தது என்று அவர் நின்று சொல்வார். பள்ளியில் ‘சிறப்பும்மை’, ‘பிரிநிலை ஏகாரம்’ என்று இலக்கணக் குறிப்பு எழுதியவர்கள்தான் இந்த 43 பேரும். அந்தக் கண்ணாடியை ஆங்கில வகுப்பு வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். கழற்றச் சொன்னது நாங்கள்தான் என்றும் தோன்றுகிறது.

வேலை இது. முதல் அங்கத்தின் ஐந்தாம் காட்சியும் ஏழாம் காட்சியும். இருவர் இருவராக உட்கார வேண்டும். லேடி மேக்பெத் கணவனைப் பற்றியோ கணவனிடமோ பேசும் இடத்தில் தௌ வந்தால் சிவப்பு, யூ வந்தால் நீலம். மொழிபெயர்க்க வேண்டாம், அகராதி வேண்டாம். எங்கே நிறம் மாறுகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் காட்சியில் முதல் கண்டுபிடிப்பு. கணவன் கடிதம் எழுதியிருக்கிறான், அதில் அவளை தௌ என்கிறான். கடிதத்தைப் படித்துவிட்டு, இல்லாத கணவனிடம் தனியாகப் பேசுகிறாள். முழுக்க சிவப்பு. அவன் உள்ளே வருகிறான். முதல் மூச்சில் ‘தை லெட்டர்ஸ்’, உன் கடிதம். இன்னும் சிவப்பு. டங்கன் நாளைக்குப் போகிறான் என்று கணவன் சொன்னதும், அவன் போகும் விடியலைச் சூரியன் பார்க்காது என்கிறாள். அடுத்த வாக்கியம் ‘யுவர் ஃபேஸ், மை தேன்’. நீலம்.

(தேன் என்றதும் வகுப்பு ஒரு நிமிடம் கைவிட்டுப் போனது. “புருஷனைத் தேனேங்கறா!” ஸ்காட்லாந்துப் பிரபுக்களின் பட்டம் என்று சொல்லி மீட்டுக்கொண்டு வந்தேன்.)

‘ஏன் நீலமாச்சு?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இந்த மூடிக்கொள்வதுதான் எனக்குக் கஷ்டம். விடை நாக்கு நுனியில் நிற்கும்.

“மனசுக்குள்ள எல்லாரையும் ‘நீ’ன்னுதான் சொல்வோம். நேர்ல வந்தா மாறும்” என்றார் ஒருவர். அப்படியானால் ‘தை லெட்டர்ஸ்’? அது சந்தோஷத்தில் வந்தது. “கொலையைப் பத்திப் பேச ஆரம்பிச்சதும் ‘நீங்க’ வருது மேம். காரியம் ஆகணும்னா எங்க அம்மா அப்படித்தான். ‘நீங்க இருக்கீங்க, நீங்க பாத்துப்பீங்க’ம்பாங்க.” திட்டம் பிறந்த நொடியில் மரியாதையும் பிறக்கிறது. நான் இருபது வருடமாகப் பாடம் நடத்தும் காட்சி. இந்த இடத்தில் இதை ஒருமுறைகூட கவனித்ததில்லை.

ஏழாம் காட்சிதான் அவர்களை ஆட்டியது. மேக்பெத் பின்வாங்குகிறான், இதில் இனி மேலே போக வேண்டாம் என்கிறான். அவள் நீலத்தில்தான் பதில் தொடங்குகிறாள்: நீங்கள் உடுத்திக்கொண்டிருந்த நம்பிக்கை குடிபோதையில் இருந்ததா, தூங்கிவிட்டதா? இரண்டு வரி தள்ளி, ‘இனிமேல் உன் அன்பையும் இப்படித்தான் கணக்கு வைத்துக்கொள்வேன்’ என்று வருகிறது. ‘தை லவ்.’ சிவப்பு. உடனே ‘ஆர்ட் தௌ அஃபியர்ட்’, நீ பயப்படுகிறாயா?

பெரும்பாலானவர்கள் ‘கோபம் வந்துடுச்சு, நீன்னுட்டா’ என்று எழுதினார்கள். எப்போதும் முன்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “கோபம் முன்னாடியே வந்தாச்சு. குடிபோதைன்னு திட்டினதே கோபம்தான், அங்க ‘நீங்க’ன்னுதான் இருக்கு. ‘லவ்’ங்கற வார்த்தை வரும்போதுதான் ‘உன்’னுன்னு மாறுது. அவ அவனைத் திட்டறதுக்கு இல்ல, பொண்டாட்டியா நின்னு கேக்கறதுக்கு மாத்தறா.”

வகுப்பு அமைதியாக இருந்தது. தமிழில் ‘நீ’ என்பதற்கு இரண்டு முகம் உண்டு, அவமதிப்பு ஒன்று, உரிமை ஒன்று. இங்கே இரண்டும் ஒரே சொல்லில் நிற்கின்றன. இன்னொரு பெண் மெதுவாகச் சொன்னாள்: “எங்க அம்மா ஒரு தடவை அப்பாவை ‘நீ’ன்னுட்டாங்க. அன்னைக்கு வீட்ல யாரும் சாப்பிடல.” யாரும் சிரிக்கவில்லை. நானும் மேலே கேட்கவில்லை.

அடுத்த முடிச்சு இதைவிடக் கடினம். மேக்பெத், ஒரு ஆண்மகனுக்கு ஏற்றதையெல்லாம் செய்யத் துணிவேன் என்று பதில் சொல்கிறான். அதற்குப் பிறகு அவள் பேசுவதுதான் நாடகத்திலேயே கொடூரமான பேச்சு: பால் குடித்துக்கொண்டு தன் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும் குழந்தையின் வாயிலிருந்து முலைக்காம்பைப் பிடுங்கி, அதன் மண்டையை உடைத்திருப்பேன், உங்களைப் போல நான் சத்தியம் செய்திருந்தால். ‘உங்களை.’ அந்தப் பேச்சு முழுக்க நீலம்.

நீ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஏன் நீங்கள்? பாதி வகுப்பு, “சண்டை முத்தினா எங்க வீட்ல மரியாதை வந்துடும். ‘சரிங்க, நீங்க சொன்னா சரிதாங்க.’ அது வந்தா பயம்” என்றது. மறுபாதி வேறொரு இடத்தைக் காட்டியது. ‘அதைச் செய்யத் துணிந்தபோதுதான் நீங்கள் ஆண்மகன்’ என்று தொடங்கும் மூன்று வரிக்குள் நான்கு யூ வருகிறது. அன்று துணிந்தவனுக்குத்தான் அந்த மரியாதை, இன்று எதிரில் நிற்பவனுக்கு இல்லை என்றார்கள். மணி அடித்தும் எழவில்லை. எது சரி என்று என்னைக் கேட்டார்கள். இரண்டுக்கும் வரியில் இடம் இருக்கிறது, இரண்டையும் எழுதலாம் என்றேன். சிலருக்கு இது பிடிக்கவில்லை. மதிப்பெண் எதற்குக் கிடைக்கும் என்பது அவர்கள் கவலை, அதையும் குறை சொல்ல முடியாது.

அதே காட்சியில் இன்னொரு சின்ன விஷயமும் நன்றாகப் போனது. ‘தோற்றுவிட்டால்?’ என்கிறான் அவன். ‘வீ ஃபெயில்’ என்று அவள் இரண்டே சொல்லில் பதில் தருகிறாள். 1623 அச்சில் அதன் பின்னால் கேள்விக்குறி இருக்கிறது. அந்தக் கால அச்சுக்கோப்பவர்கள் ஆச்சரியக்குறிக்கும் அதையே போடுவதுண்டு. பின்னால் வந்த பதிப்பாசிரியர்கள் ஆளுக்கொரு குறி போட்டார்கள். 1785இல் லண்டன் ட்ரூரி லேனில் இந்த வேடத்தைக் கட்டத் தொடங்கிய சாரா சிடன்ஸ் மூன்று விதமாகவும் சொல்லிப் பார்த்து, கடைசியில் முற்றுப்புள்ளியில் நின்றார். மூன்றையும் தமிழில் சொல்லிப் பாருங்கள் என்றேன். “தோத்துடுவோமா?” “தோக்கறதா! நாமளா!” “தோத்தா தோத்துட்டுப் போறோம்.” மூன்றாவதைச் சொன்னவர் தோளைக் குலுக்கிக்கொண்டு சொன்னார். அந்தத் தோள் குலுக்கலில் ஒரு முழு லேடி மேக்பெத் இருந்தாள்.

இரண்டாம் அங்கத்தில் கொலை முடிந்து அவன் இறங்கி வரும் காட்சியை நடத்தவே இல்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு, இரண்டு பேரை எதிரெதிர் மூலையில் நிற்க வைத்துக் கிசுகிசுப்பாகப் படிக்கச் சொன்னேன், அவ்வளவுதான். ‘எப்போது?’ ‘இப்போது.’ ‘நான் இறங்கும்போதா?’ ‘ஆம்.’ ஒற்றைச் சொல் வரிகள். சத்தம் கேட்கவில்லையா என்று அவன் தௌ போட்டுக் கேட்கிறான், நீங்கள் பேசவில்லையா என்று அவள் யூ போட்டுத் திருப்பிக் கேட்கிறாள். இதை நான் சுட்டவில்லை. கையில் பென்சில் இருந்தவர்கள் தாங்களே குறித்துக்கொண்டார்கள்.

சறுக்கல்

நம்பிக்கை ஏறிப்போய், முழு நாடகத்திலும் தௌ-யூ அட்டவணை போட்டு வரச் சொன்னேன். தவறு. வரியோடு சேர்த்துப் பார்க்கச் சொல்லாமல் எண்ணச் சொன்னதால், எண்ணிக்கொண்டு வந்தார்கள். வண்ணப் பேனாவில் கட்டம் கட்டிய தாள்கள், பார்க்க அழகு. படித்தால் வெறும் எண்கள்.

முடிவுகள் அதைவிட மோசம். மூன்றாம் அங்கத்தில் தன் நண்பன் பாங்கோவைக் கொல்ல ஆள் அமர்த்தும் இடத்தில் மேக்பெத் அவர்களை யூ என்கிறான். ‘கொலைகாரர்களுக்கு மரியாதை கொடுக்கிறான், அவனும் அவர்களில் ஒருவன் ஆகிவிட்டான்’ என்று ஆறு பேர் எழுதியிருந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே நிற்பது இரண்டு பேர். வெறும் பன்மை. தமிழிலும் இரண்டு பேரை ‘நீங்கள்’ என்றுதானே அழைப்போம், அதில் என்ன மரியாதை? ஒருமையா பன்மையா என்று முதலில் பார்க்க வேண்டும் என்ற அடிப்படையை நான் சொல்ல மறந்திருந்தேன்.

விருந்தில் பாங்கோவின் ஆவியைப் பார்த்து மேக்பெத் தௌ என்பதை ‘அவமரியாதை’ என்று பலர் குறித்திருந்தார்கள். காற்றில் தெரியும் கத்தியையும் அவன் தௌ என்கிறான், அதுவும் அவமரியாதையா என்று கேட்டேன். திணறினார்கள். ஒரு மாணவர்தான் சரி செய்தார்: “சாமியை ‘நீ’ன்னுதான் கும்பிடறோம். செத்தவங்களையும் ஒப்பாரில ‘நீ’ன்னுதான் அழறோம். மனுஷங்க இல்லாததுக்கு மரியாதை கணக்கே கிடையாது.” சரி, இதுவும் அவர்கள் வீட்டிலிருந்து வந்த விடைதான்.

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நீ-நீங்கள் என்பதும் தௌ-யூ என்பதும் அச்சு அசலாக ஒன்று அல்ல. நம்மிடம் வயது, உறவு, சாதி என்று இந்தச் சொல்லைப் பிடித்திழுக்கும் கயிறுகள் வேறு. 1606இல் யூ ஏற்கெனவே எங்கும் பரவி, மரியாதை என்ற கனத்தை இழக்கத் தொடங்கியிருந்தது. ஒரு மனைவி கணவனை யூ என்பதில் மட்டும் எந்தச் செய்தியும் இல்லை. மாறும் இடத்தில்தான் செய்தி. ‘நிறத்தை எண்ணாதே, நிறம் மாறும் இடத்தைப் பார்’ என்று பலகையில் எழுதிப் போட்டேன். முதல் நாளே எழுதியிருக்க வேண்டியது.

மூன்றாவது இன்டர்னல்

கேள்வித்தாளில் ஒரே கேள்வி. வகுப்பில் தொடாத பகுதி, மூன்றாம் அங்கம் இரண்டாம் காட்சியின் கடைசிப் பதினைந்து வரி சொச்சம். ‘இந்தப் பகுதியில் உங்களை நிறுத்திய மூன்று சொற்களை எடுத்து எழுதுங்கள்.’ அகராதி வைத்துக்கொள்ளலாம்.

அகராதி சிலரைக் காப்பாற்றவில்லை. அங்கே ‘சீலிங் நைட்’ என்று ஒரு தொடர் வருகிறது. பழக்கும் பருந்தின் இமைகளை நூலால் தைத்து மூடுவதற்கு வேட்டைக்காரர்களின் சொல் அது. பகலின் கண்ணைத் தைத்து மூட வா என்று இரவைக் கூப்பிடுகிறான். நான்கு பேர் அதை வீட்டுக் கூரை என்று எடுத்து, இரவு கூரைபோல் கவிகிறது என்று எழுதியிருந்தார்கள். படிமம் கெட்டுப்போகவில்லை என்பதால் பாதி மதிப்பெண் கொடுத்தேன். இது சரியா என்று இன்னும் தீர்மானமில்லை.

ஆனால் ஜெராக்ஸ் நோட்ஸின் வாக்கியம் ஒரு தாளிலும் இல்லை. இருக்கவும் வழியில்லை, அந்த நோட்ஸில் இந்தக் காட்சிக்கு ஒன்றரை வரிதான். ஆறு தாள்கள் கிட்டத்தட்ட வெற்று. அவர்களை இந்த முறை தொடவில்லை. ஏழு பேர் பழைய பழக்கத்தில் முழுக் கதைச்சுருக்கம் எழுதியிருந்தார்கள். மீதி 30 பேர் ஒரு சொல்லிடமாவது நின்றிருந்தார்கள்.

ஒரு விடையை இங்கே தமிழில் தருகிறேன். அவர் எழுதிய ஆங்கிலத்தில் இலக்கணப் பிழை ஒன்பது இருந்தது: ‘என்ன செய்யப்படப் போகிறது என்று அவள் கேட்கிறாள். மறுபடியும் டன். முன்பு அவள்தான் எல்லாம் தெரிந்தவள். இப்போது கேட்கிறாள். அவன் சொல்லவில்லை. கோழிக்குஞ்சு மாதிரி ஒரு செல்லப்பெயர் வைத்து அழைத்து, நீ தெரிந்துகொள்ள வேண்டாம், முடிந்ததும் கைதட்டு என்கிறான். பிறகு வா இரவே என்று கூப்பிடுகிறான். முதல் அங்கத்தில் வா இரவே என்று கூப்பிட்டது அவள். அவளுடைய வார்த்தையை அவன் எடுத்துக்கொண்டான், அவளை வெளியே விட்டுவிட்டான்.’

‘சக்’ என்ற அந்தச் செல்லப்பெயரை ஒரு குழந்தையின் வாயை மூடும் சொல்லாக அவர் படித்தது எனக்குப் புதிது. ஒன்பது பிழைக்கும் ஒரு மதிப்பெண்கூடக் குறைக்கவில்லை.

செமஸ்டர் தேர்வில் வழக்கம்போல ‘பேராசையின் துன்பியலாக மேக்பெத்தை விளக்குக’ என்றுதான் கேட்டிருந்தார்கள். அதற்கு நோட்ஸே போதும். நான் கேட்ட வரையில் பெரும்பாலானவர்கள் நோட்ஸைத்தான் எழுதினார்கள். குறை சொல்லவில்லை, திருத்துகிறவர் எதை எதிர்பார்ப்பார் என்று அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அங்க எண் இந்த முறை சரியாக இருந்ததாம்.

கடைசி வகுப்பு ஐந்தாம் அங்கத்தின் தூக்கத்தில் நடக்கும் காட்சி. பத்து பேர்தான் வந்திருந்தார்கள், ஸ்டடி ஹாலிடே தொடங்கும் நாள். படித்து முடித்ததும், ‘தை லவ்’ பற்றிச் சொன்ன அதே முன்வரிசை மாணவி, தன் டெக்ஸ்ட்டின் பின் அட்டையில் எழுதி வைத்திருந்ததைக் காட்டினாள். ஏழாம் காட்சியின் அந்தச் சிவப்புக்குப் பிறகு லேடி மேக்பெத் கணவனிடம் பேசும் ஒவ்வொரு இடமும், வரியோடு. எல்லாம் நீலம். விருந்தினர் எல்லாரும் போன பிறகு இருவரும் தனியாக இருக்கும்போதுகூட ஓரிடத்தில் ‘சர்’ என்கிறாள். அதுதான் அவர்கள் சேர்ந்து வரும் கடைசிக் காட்சி.

“இங்க பாருங்க மேம். ‘அஃபியர்ட்’ இங்க திரும்ப வருது. அங்க ‘ஆர்ட் தௌ அஃபியர்ட்’. இங்க தூக்கத்துல, ‘மை லார்ட், போர்வீரன் பயப்படலாமா’ங்கறா. அதே வார்த்தை, தௌ மட்டும் இல்ல. அப்புறம் ‘உங்க கையைக் குடுங்க’ன்னு கேக்கறா. முதல்ல தனியா இருந்தப்போ ‘நீ’ன்னுதானே சொன்னா? மனசுக்குள்ள எல்லாரையும் ‘நீ’ன்னுதான் சொல்வோம்னு பேசிக்கிட்டோமே. இப்பவும் தனியாத்தான் இருக்கா, தூங்கிட்டு வேற இருக்கா. கனவுல கூட ஏன் ‘நீங்க’?”

எனக்கு உடனே எதுவும் சொல்லத் தோன்றவில்லை. அவளே கொஞ்ச நேரம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நீலப் பென்சிலால் அந்த வரியின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு மூடி வைத்தாள்.